மேலே நிற்கிறவன்

லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து நான் வேலைக்குப் போன அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. ஷிப்டுக்கு இரண்டு பேர். நானும், ஒக்கலிபுரத்திலிருந்து வரும் ஒருவனும். என்னைவிடச் சின்னவன், சரியான வாயாடி.

கழிவுநீர் வந்து விழும் குழியில் பம்பு அடைத்துக்கொண்டால் எங்களில் ஒருவர் இறங்குவோம். இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நாற்றம் மேலே வந்தால் திட்டு எங்களுக்குத்தானே! அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு. மேலே நிற்கிறவன் அவனைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு குழறினால் விஷவாயு ஏறுகிறது என்று அர்த்தம். உடனே இழுத்துவிட வேண்டும்.

"இன்னாடா, இன்னிக்கு வூட்ல இன்னா கொழம்பு?"

"கறிக்கொழம்புண்ணா!"

எப்போது கேட்டாலும் கறிக்குழம்புதான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் புளிசாதம் இருக்கும். இருவரும் சிரித்துக்கொண்டே பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.

பிறகு நிலையத்தைப் புதுப்பித்தார்கள். தொட்டிக்குக் காற்று ஊதும் பழைய ப்ளோயர்கள் கரண்டைக் குடித்தன; பக்கத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்ளும். புதியது எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் ஓடும், சத்தமே கிடையாது. நல்ல மெஷின், அதைக் குறை சொல்ல மாட்டேன். பம்பையும் மாற்றினார்கள். பழைய பம்பு பெரும்பாலும் விழுங்கித் தள்ளிய துணியும் நாப்கினும் புதியதில் அடிக்கடி போய்ச் சிக்கிக்கொண்டன.

"எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சுப்பா, இனிமே ஷிப்டுக்கு ஒருத்தர் போதும்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கரண்டோடு சேர்த்து என்னையும் மிச்சம் பிடித்தார்கள்.

அல்சூரில் ஒரு கடைக்கு வாட்ச்மேனாகப் போனேன். அவ்வப்போது அவனுக்குப் போன் செய்வேன்.

"பம்பு அடைச்சா இன்னாடா பண்ற?"

"உறிஞ்சுற லாரிய வரச்சொல்லிடுவேண்ணா. நான் எறங்குறதே இல்ல."

கறிக்குழம்பு விஷயத்தில் அவனை நம்பாதவன், இதை நம்பினேன்.

ஒருநாள் காலையில் அந்தக் குடியிருப்பின் செக்யூரிட்டி போனில் அழுதார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவன் உடலைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். குழியின் மூடி திறந்தே கிடந்தது. பக்கத்துத் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கியிருக்கிறான். தூண் என்ன குழம்பு என்று கேட்குமா? பேச்சு குழறினால் இழுக்குமா? ஆத்திரத்தில் அந்தத் தூணை எட்டி உதைத்தேன்.

மறுநாள் ஒக்கலிபுரத்தில் அவன் வீட்டுக்கு மாலையோடு வந்த செயலாளர், தெருவிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "திங்கக்கிழமைலேர்ந்து வந்துடுப்பா. ஷிப்டுக்கு ரெண்டு பேர்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம்." வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சம்பளம் எனக்கு வேண்டியிருந்தது.

உள்ளே அவன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் மேல நிக்கிறாரு, எனக்கு இன்னா பயம்னு தினமும் சொல்லிட்டுத்தானே போவாரு! மேல நீங்கதானே நின்னீங்க? ஏண்ணா இழுக்கல?"

எனக்கு வேலை போனதையே அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.