மஞ்சுளா பெயர் வைத்த சர்வர்கள்

போன வாரம், பென்னாகரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

என் கணவர் ஆரோக்கியத்தின் நம்பர். பேசியதோ வேறு யாரோ.

"அம்மா, பதறாதீங்க. சார் பைக்குல இருந்து வுழுந்துட்டாருங்க. நெனவெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கால்லதான் அடி... தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கறோம்."

'பதறாதீங்க' என்று ஆரம்பிக்கும் எந்தப் போனைக் கேட்டு நாம் பதறாமல் இருந்திருக்கிறோம்?

இண்டூரில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் போய் தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றபோது இரண்டாவது பதற்றம் பிடித்துக்கொண்டது. பென்னாகரத்து வேலை என்ன ஆவது?

பகலில் நான் என்ன செய்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தனியார் பள்ளிகள் சிலவற்றை நடத்தும் ஒரு நிர்வாகத்தில், கம்ப்யூட்டர் பிரிவு. ஒவ்வொரு பள்ளியின் லேபிலும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தலைமையாக ஒரு சர்வர் உண்டு. அது ஓடினால்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தேர்வு எழுத முடியும். பழையவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டதால், புதிய சர்வர்கள் வாங்கி அந்தந்தப் பள்ளிக்கே அனுப்பிவிட்டார்கள்.

புதுசு வந்தால் நல்லதுதானே?

சிக்கல் என்னவென்றால், எல்லாமே ஒரே பெயரோடு வந்திறங்கின. ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் என்றால் டீச்சர் எப்படி அட்டெண்டன்ஸ் எடுப்பார்? பெயர் மட்டுமல்ல... ஒவ்வொரு சர்வருக்கும் தனி அட்ரஸும் வேண்டும். இரண்டு சர்வர்கள் ஒரே அட்ரஸில் உட்கார்ந்தால் இதற்குப் போக வேண்டியது அதற்குப் போகும், அல்லது எதற்குமே போகாது.

இந்தப் பெயரையும் அட்ரஸையும் இத்தனை வருடமாக நான் எப்படிக் கொடுத்தேன்? பஸ் ஏறிப் போய், சர்வர் முன்னால் உட்கார்ந்து, கையால் தட்டி. அரூருக்கு ஒரு நாள், தீர்த்தமலைக்கு ஒரு நாள். இந்த முறை இன்னும் நாலு பள்ளிகள் பாக்கி இருந்தன. தேர்வோ நெருங்கிவிட்டது.

எங்கள் பிரிவில் இன்னொருத்தி மஞ்சுளா. மாரண்டஹள்ளிப் பெண். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லாக்கா, இதுக்கு ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம்தாங்க, எழுதிட்டா ஆபீஸ்ல இருந்தே அது எல்லாத்துக்கும் பேரு, அட்ரஸ் தானா போட்டுரும்ங்க. நீங்க அலையவே வேண்டாம்."

"பாக்கலாம்மா" என்பேன். தமிழில் 'பார்க்கலாம்' என்றால் 'பார்க்க மாட்டேன்' என்று பொருள் — உங்களுக்குத் தெரியாததா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவள் என் நாற்காலிக்கு அடி போடுகிறாளோ என்று உள்ளே ஒரு சின்ன முள் இருந்தது.

இண்டூர் ரோட்டோரத்தில் அந்த முள்ளெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைத்தான் கூப்பிட்டேன்.

"மஞ்சு, எங்க வூட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சும்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பென்னாகரம்..."

"அய்யோ தேவரே!" கடவுளே என்கிறாள்; பதறினால் அவளுக்கு வீட்டுக் கன்னடம்தான் முதலில் வரும். "நீங்க மொதல்ல போங்க்கா. சர்வரப் பத்தி நெனைக்கவே நெனைக்காதீங்க. என்ன ஒண்ணு... அந்த ஸ்கிரிப்ட ஓட்டட்டுங்களா? நீங்க சரின்னாத்தான் ஓட்டுவேன்."

அந்த நேரத்திலும் என்னைக் கேட்டாள், பாருங்கள்.

"ஓட்டும்மா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் கணவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். தொடை எலும்பு முறிவு. அன்றைக்கே ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். நர்ஸ் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்காகத்தாங்க காத்துட்டு இருக்கறோம். நீங்க வராம தியேட்டருக்குள்ள வரமாட்டேங்கறாரு."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல ஸ்டெல்லா" என்றார் இவர். "வூட்டுச் சாவிய உங்கிட்டக் குடுக்கலாமேன்னுதான்..."

என்னிடமும் ஒரு சாவி இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது. தியேட்டர் கதவு வரை விடவில்லை... அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

கதவு மூடியதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியிலேயே நின்றது. போன் அடித்தது. மஞ்சுளா.

"சாருக்கு எப்படிங்க்கா இருக்குது?"

சொன்னேன். தைரியம் சொன்னாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மூணு பள்ளிக்கூடம் முடிஞ்சிருச்சுங்க. பென்னாகரம் மட்டும் நின்னுருச்சு" என்றாள்.

"என்ன தப்பாச்சு?"

"தப்பெல்லாம் இல்லீங்க்கா, சரியாத்தான் நின்னுச்சு. புது அட்ரஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, இந்த அட்ரஸ்ல யாராச்சும் இருக்கீங்களான்னு ஒருவாட்டி கேக்கற மாதிரி எழுதியிருந்தேன். பென்னாகரத்துல ஒரு சர்வர் 'இருக்கறேன்'னு பதில் சொல்லிருச்சு. அதான் எதையும் தொடாம நின்னுக்குச்சு. லேப் டீச்சருக்குப் போன் பண்ணிப் பாக்கச் சொன்னா, பழைய சர்வர் மூலையில இன்னும் ஓடிட்டு இருக்குதுங்க! இப்ப ஆஃப் பண்ணிட்டாங்க. திரும்ப ஓட்டறேன், இருங்க..."

கீபோர்டு சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு. "பென்னாகரத்துக்கும் பேரு வெச்சாச்சுங்க்கா!"

நான் போயிருந்தால்? யாரையும் கேட்காமல் அட்ரஸைத் தட்டியிருப்பேன். பழசும் புதுசும் முட்டிக்கொண்டிருக்கும். காரணம் தேடியே பொழுது போயிருக்கும்.

"இதெல்லாம் எப்பம்மா எழுதின?"

"மத்தியானம் சாப்ட்டுட்டு, கொஞ்சம் கொஞ்சமாங்க. நீங்க அரூர் போயிட்டு வந்தீங்களே, அன்னிக்கு பஸ்ஸுல இருந்து எறங்க முடியாம கம்பியப் புடிச்சிட்டு நின்னீங்க. நான் பின்னாடி ஸ்கூட்டில வந்துட்டு இருந்தேன். மனசே கேக்கலீங்க. உங்க முட்டிவலிக்காகத்தாங்க்கா எழுதினேன்."

இவளைத்தான் நாற்காலிக்கு அடி போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். "சரிம்மா" என்றேன்.

கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார் டாக்டர். இவர் அரைக்கண் திறந்து என்னைத் தேடினார்.

"நீ... வேலைக்குப் போகலியா?"

"போகலீங்க. இங்கயேதான் இருக்கறேன்."

அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கினார்.

தேர்வு நல்லபடியாக நடந்தது. அது முடிந்த அடுத்த நாள் மஞ்சுளா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், டிபன் கேரியரில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். "எலும்புக்கு நல்லதுங்க சார்" என்று அவரே போதும் போதும் என்று சொல்லும்வரை பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் நன்றி சொன்னேன். என் மனதில் இருந்த முள்ளையும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியுங்க்கா" என்று சிரித்தாள். "பாக்கலாம்னு நீங்க சொல்றப்பவே தெரியும்."

இந்த வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்கிரிப்டை வரி வரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பொறுமையாகத்தான் சொல்லித் தருகிறாள்.

எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி செய்துவிட்டால் மனுஷனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், தியேட்டருக்கு வெளியே அந்த பெஞ்சில் உட்காருகிற வேலையை எனக்காக எந்த ஸ்கிரிப்டும் செய்ய முடியாது. அதற்கான நேரத்தை எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதியவள் ஒரு மனுஷி.

உங்கள் வேலையைச் சுலபமாக்க யாராவது வந்தால் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் — சந்தேகப்படுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!