காற்றில்லாத பகலில் ஒரு குரல்

சாலைக் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்குகிறேன். படகு ஒயர்லெஸ் பழுதுபார்க்கும் கடை அது. தன் செட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மீனவரிடம், இது எவ்வளவு தூரம் எடுக்கும் என்று பேச்சுக்குக் கேட்கிறேன்.

“அது காத்தப் பொறுத்து, சாரே. நல்ல வெயிலடிச்சு, காத்தே இல்லாம கடலு அசையாமக் கெடந்தா, எலங்கைக்காரன் பேசுறதும் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்கும்.”

போன கோடையில் அப்படியொரு பகலில், “தண்ணி ஏறுது, வாங்க” என்று ஒரு குரல் கூப்பிட்டதாம்.

“எலங்கைப் படகுன்னு நெனச்சேன். அவ்வளவு தூரம் நம்மளால போக ஒக்குமா? அங்க உள்ளவனுவ பாத்துக்குவானுவன்னு சத்தத்தக் கொறச்சு வெச்சேன்.”

மூன்றாம் நாள் கரைக்கு வந்த பிறகுதான், கூப்பிட்டவர் தன் அடுத்த ஊர்க்காரர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கவிழ்ந்த படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

“எவ்வளவு தூரத்துல இருந்தாரு?”

“ஒரு மணிக்கூர் ஓட்டம்.” அவர் குரல் இறங்குகிறது. “நீ எவிட கெடக்கேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், சாரே. பேசுற பட்டன் என் கையிலதான் இருந்துச்சு.”