எல்லாவற்றையும் தடுத்த மருந்து

வடகவுஞ்சித் தோட்ட வேலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி அதட்டினாலே கிளம்பிவிடுகிற ஆள் நான். வழியில் செண்பகனூர் டீக்கடையில் ஒதுங்கியபோது, மரப்பட்டைகளில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சியாளர் அம்மா ஒருவர் போனை வைத்தார்.

"வாழ்த்துச் சொல்லலாமா டாக்டரம்மா?" என்றார் கடைக்காரர்.

"துக்கம் விசாரிங்க பாய். நோயை வளர்க்குற புரதத்த மட்டும் தடுக்கணும். நாங்க கண்டுபிடிச்சது அதைத் தடுத்துச்சு. சந்தேகத்துல, உடம்புக்கு வேண்டிய நல்ல புரதங்கள்லயும் போட்டுப் பாக்கச் சொல்லி லேப்ல சொன்னேன். இப்ப போன்ல சொல்றாங்க, எல்லாத்தையும் தடுக்குதாம். பட்டையோட துவர்ப்பு எதுலயும் ஒட்டிக்கும்."

"அப்ப இத்தனை வருச உழைப்பு?"

"போச்சு. அடுத்த மரத்துப் பட்டை சாக்குல கெடக்கு. வெரசா டீயக் குடுங்க."

யாரும் கேட்காமலே தன் வெற்றியைத் தானே சோதித்துத் தள்ளியவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவருக்குச் சாக்குத் தூக்கும் வேலையில் சேர்ந்தேன்.