இரண்டாவது மணியில் எடுத்த தொலைபேசி

"தம்பி, இந்த அறிக்கை உண்மையாவே உங்கட வேட்பாளர் அனுப்பினதோ, இல்லாட்டி ஆரும் பகிடிக்கு அனுப்பினதோ?" என்று கொழும்புப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்துக் கேட்டபோதுதான் எங்கள் தேர்தல் வேலைக்கு ஒழுங்கான ஒரு அலுவலகம் வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது. அறிக்கை போனது என்னுடைய மின்னஞ்சலில். பள்ளியில் ஏ.எல். படிக்கும்போது திறந்த கணக்கு. என் பட்டப்பெயர், அதன் பின்னால் 'கிங்', அதற்கும் பின்னால் மூன்று ஏழு. வவுனியா நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் ஓய்வுபெற்ற குடும்பநல மாதுவின் அறிக்கையை அப்படியொரு 'கிங்' அனுப்பினால் யார்தான் நம்புவார்கள்?

அவரை எல்லோரும் 'மிசி' என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் ஓரக் குடியிருப்புகளில் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் பார்க்க முப்பது வருடம் சைக்கிளில் திரிந்தவர். அங்கே பாலர் கிளினிக் ஒரு வேம்பின் கீழ்தான் நடந்தது. மழை வந்தால் தாய்மார் பிள்ளைகளையும் நிறை பார்க்கும் தராசையும் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடுவார்கள். அதற்கு ஒரு கட்டடம் கேட்டு எழுதி எழுதிக் களைத்த பிறகே, தானே நகரசபைக்குப் போவது என்று முடிவெடுத்தார். வென்றால் கட்டடம், தோற்றால் வேம்பு. எங்கள் தேர்தல் விஞ்ஞாபனம் அவ்வளவுதான்.

எனக்கோ கை பரபரத்தது. மிசியின் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கினேன். வருடத்துக்கு ஒரு சிறு தொகை. அதற்கு மின்னஞ்சல் வசதியைச் சிறு குழுக்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இடத்தையும் தேடிப் பிடித்தேன். ஊடகத்துக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று, மிசிக்கு ஒன்று என்று மூன்று முகவரிகள். மேசையில் வைக்கும், வயர் இல்லாத தொலைபேசி ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போன, தானாகப் பதில் சொல்லும் கருவியை அதோடு பொருத்தினேன்.

எங்கள் அலுவலகம் ஒரு இரும்புக் கடையின் பின்னறை. கடைக்காரர் முஸ்லிம், எங்கள் எல்லோருக்கும் நானா; முல்லைத்தீவில் இருந்து இடம்பெயர்ந்து, புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு வவுனியாவில் கடை போட்டவர். நான் வயர்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எலக்சன் ஒபிசோ, பேங்கோ?" என்று கேட்டார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

கருவி எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்று நாங்களே தெரிவு செய்யலாம். கொழும்புக் கம்பனிகளில் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். இரண்டு என்று வைத்தேன். என் மச்சாளின் குரலில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, அலுவலக நேரம் சொல்லி, செய்தியை விடச் சொல்லிப் பதிவுசெய்தோம். ஒரு நிமிடத்தைத் தாண்டியது. எல்லாத் துண்டுப்பிரசுரங்களிலும் அந்த இலக்கத்தைப் போட்டோம். வேட்பாளர் தானே தொலைபேசி எடுப்பது அழகில்லை என்று மிசியின் பழைய கைத்தொலைபேசியையும் வாங்கி அணைத்து வைத்தேன்.

அதைத் தரும்போது மிசி ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப மிஸ்கோல் அடிக்கிறவைக்கு ஆர் திருப்பி எடுக்கிறது?"

இனி ஒருவரும் மிஸ்கோல் அடிக்கத் தேவையில்லை, நேரடியாகவே செய்தி சொல்லலாம் என்றேன். அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். படித்த பெடியன், தெரிந்துதான் செய்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

அது போர் முடிந்த வருடம்; பாதி ஊர் முகாம்களின் முட்கம்பிக்கு உள்ளே, மீதி வெளியே. இரண்டு பக்கமும் பிரிந்துபோன தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தாவது ஒரு தகவல் வரும், உடனே ஒரு அழைப்பு எடுக்க வேண்டிவரும் என்று கைத்தொலைபேசியில் கிடந்த கடைசிப் பத்து ரூபாயைப் பெண்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அதனால் மிசிக்கு இரண்டு மணி அடித்துவிட்டு வைப்பார்கள். மிசி திருப்பி எடுத்து, காய்ச்சலா, வயிற்றோட்டமா, அரசாங்க அலுவலகத்தில் கேட்ட கடிதத்தைத் தர மறுத்துவிட்டார்களா என்று கேட்பார். முப்பது வருட சைக்கிள் ஓட்டத்தின் மீதி அந்த மிஸ்கோல்களில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் அடிப்பார்.

பின்னேரங்களில் கருவியைப் போட்டுக் கேட்பேன். பெரும்பாலும் வெறும் மூச்சு. சிலர் மச்சாளின் குரலுக்கு மரியாதையாக "ஓம்... ஓம்... சரி" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு வணக்கத்தின் நடுவில் தொலைபேசியை வைக்க அவர்களுக்கு மனம் வராது. ஒருமுறை பிள்ளை அழும் சத்தத்துக்கு மேலால் "மிசியோ?" என்று ஒரு பெண் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை, "மிசியோ?" பிறகு அழுகை மட்டும். செய்தி ஒன்றும் இல்லையே என்று அழித்தேன். எல்லாவற்றையும் அப்படித்தான் அழித்தேன். கருவியில் இடம் வேண்டுமே.

மின்னஞ்சல் நன்றாகவே வேலை செய்தது. கொழும்புப் பத்திரிகையில் எங்கள் அறிக்கை வந்தது. அதை வெட்டி, நானாவின் கடைச் சுவரில் ஒட்டினேன். பொதுமக்களுக்கென்று திறந்த முகவரிக்குக் கடைசிவரை வந்தது ஒரேயொரு கடிதம். அதுவும் நான் சோதனைக்காக எனக்கே அனுப்பியது.

மிசி தோற்றார்.

வாக்கெண்ணி முடிந்து சில நாட்களில், எங்கள் சுவரொட்டிகளைக் கிழிக்க அந்தக் குடியிருப்புக்குப் போனேன். வேலியோரம் பிள்ளையோடு நின்ற பெண் ஒருத்தி, மிசிக்கு இப்போது சுகமா என்று கேட்டாள். அவருக்கு ஒன்றுமில்லையே என்றேன்.

"இல்லை, அவாவுக்கு நோட்டீசு நம்பரில அடிச்சால் ரெண்டாவது மணியிலேயே வேற ஆரோ பொம்பிளை எடுத்து நிப்பாட்டாமல் கதைக்கிறா. சிங்களமும் கதைக்கிறா. வச்சுப்போட்டுப் பார்த்தால் போனில கிடந்த காசு எல்லாம் போயிட்டுது. இவளுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் காய்ஞ்சது. பழைய நம்பருக்கு அடிச்சன், அது வேலை செய்யேல்ல. மிசி பெரிய இடத்துக்குப் போகப்போறா, இனி எங்களோட கதைக்கமாட்டா எண்டு இங்க எல்லாரும் கதைச்சவை."

பிள்ளைக்குப் பிறகு சுகமானதா என்று கேட்டேன். சுகம் என்றாள். யாருக்கு வாக்குப் போட்டாள் என்று கேட்காமல், மீதிச் சுவரொட்டிகளைக் கிழிக்கப் போனேன்.

அன்று பின்னேரமே மிசியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் பரவாயில்லை என்றும் இருந்தது. அவர் தேத்தண்ணீரை ஆற்றி என் முன்னால் வைத்தார்.

"தோத்தது கிடக்கட்டும். காய்ச்சல் எண்டு எத்தினை பேர் அடிச்சினமோ. அதைச் சொல்லு."

எல்லாம் அழித்தாயிற்று. மேசைத் தொலைபேசியின் நினைவகத்தில் கடைசியாக அடித்த இருபது இலக்கங்கள் மட்டும் கிடந்தன. அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய கைத்தொலைபேசியையும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவது இலக்கத்தை அழுத்தத் தொடங்கினார்.

இப்போது என் மேசையில் ஒரு பழைய கைத்தொலைபேசி கணினியோடு இணைந்து கிடக்கிறது. எத்தனை மணி அடித்தாலும் எடுக்காது. யார் அடித்தார்கள், எந்த நேரத்தில் என்று மட்டும் குறித்துவைக்கும் ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரிவரவில்லை. அதை மிசிக்குக் காட்டுவதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை கிளினிக் நாள். மழை இல்லாவிட்டால் வேம்பின் கீழ் ஒரு கதிரை போட்டுக்கொண்டு, யார் எத்தனை மணி அடிப்பார்கள், எதற்கு அடிப்பார்கள், எந்த நேரத்தில் திருப்பி எடுத்தால் வசதி என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு எழுதப் போகிறேன். மழை வந்தால், தராசை நான் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.