புரியாத கடிதத்தைப் புரிந்ததாகச் சொன்னேன்

எங்கள் தாயில்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் தீபாவளி போனஸை வங்கி என்று பெயர் வைத்திருந்த உள்ளூர் நிதி நிறுவனம் ஒன்றில்தான் போட்டு வந்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அந்த வங்கியை மூடிவிட்டார்கள். சில மாதங்களில் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அத்தை தபாலில் வந்த ஆங்கிலக் கடிதத்தோடு என்னிடம் வந்தார். மகளின் கல்யாணத்துக்கு அவர் சேர்த்ததெல்லாம் அந்த வங்கியில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடிதத்தில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"பேங்கை மூடிட்டோம்னு தகவல் சொல்லிருக்காக அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

"இதச் சொல்லவா நாலு பக்கம் அடிச்சிருக்காக?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

டெபாசிட் ரசீதோடு குறிப்பிட்ட தேதிக்குள் மனுக் கொடுத்தால்தான் பணம் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்திருக்கிறது. கொடுத்தவர்களுக்குப் பாதிப் பணம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வங்கியின் கணக்கை முடிக்கும் அதிகாரியிடம் அத்தையோடு ஓடினேன். எல்லாம் பங்கிட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என்னைத் திட்டவில்லை. "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வேற ஆளுட்ட கேட்டிருப்பேன்லே" என்றார். கல்யாணம் நின்றுபோனது.

இப்போது யார் காகிதம் கொண்டுவந்தாலும், புரியாத வரியில் விரலை வைத்து, "இது எனக்குத் தெரியல" என்று சொல்லிவிடுகிறேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்கிறேன். அத்தை மட்டும் எந்தக் காகிதத்தையும் என்னிடம் கொண்டுவருவதில்லை.