எட்டு மணிக்கு மூடும் கடை

1974 ஆவணியில் நான் காஞ்சிபுரம் போனது சாமி கும்பிட அல்ல. தங்கைக்குக் கார்த்திகையில் கல்யாணம். ஆடிக்குள் முடித்துத் தருகிறேன் என்ற முகூர்த்தப் புடவை ஆவணி பிறந்தும் வந்தபாடில்லை. போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு வா என்று அம்மா என்னை விரட்டினாள். சத்தம் போடுவதில் அன்று எனக்கு வீட்டில் நல்ல பெயர்.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். பதினொன்றரைக்கு இறங்கினேன். நீங்கள் போவதானால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், பிறகு நாலு மணி வரை வெயிலில் வெறுமனே காய வேண்டியதுதான். வந்தது வந்தோம், சாமியையும் பார்த்துவிடலாம் என்று நான் காய்ந்தேன்.

ஐந்து மணிக்குப் பெரிய காஞ்சிபுரத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே திசையில், அவசரமாக நடந்துகொண்டிருந்தார்கள். திருவிழாவா என்று கேட்டேன். சாராயக் கடைக்குப் போகிறார்கள் என்றார் ரிக்‌ஷாக்காரர். மதுவிலக்கு எடுக்கப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"கோயிலாண்ட கடை வைக்கக் கூடாதுன்னு சட்டம்மா. இந்த ஊர்ல கோயில் இல்லாத தெரு ஏது? அதான் வேகவதி ஆத்துக்கு அந்தாண்ட போட்டுக்கிறாங்க. எட்டு மணிக்குப் பூட்டிடுவான். அதான் ஓடிக்கினு இருக்கானுங்க."

நெசவாளர் பெயர் ஏகாம்பரம். நாற்பது வயது, ஒல்லி, முகத்தில் சிரிப்பே கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தனம். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்றால் ஒரு ஆளால் நெய்ய முடியாது. கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். தனம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகப் புடவை அள்ளிக்கொண்டு போனது. ஆனால் பாதிதான் முடிந்திருந்தது. நான் சத்தத்தைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏகாம்பரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரையில் ஒரு பூவைத் தொடங்கிவிட்டால், அது முடியாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். பாதியில் விட்டால் அந்த இடத்தில் கோடு விழும் என்பது அவர் குடும்பத்து நம்பிக்கை. ஏழு மணிக்குப் பூ முடிய ஒரு விரல் அகலம்தான் பாக்கி. அப்போதுதான் கவனித்தேன்: தனம் கட்டைவிரல் நகத்தால் இழையை அறுத்தாள். பிறகு, "அறுந்துபோச்சு, இருய்யா" என்று நிதானமாக முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு இழை, அப்புறம் இன்னொன்று. பூ முடிந்தபோது மணி எட்டேகால். ஏகாம்பரம் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

புடவை ஏன் ஆடியில் முடியவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. கோபம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

நான் கிளம்புமுன், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தனமே எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்காரனிடம் போய், என் புருஷனுக்கு ஊற்றாதே என்று கேட்டிருக்கிறாள். அவன் சுவரில் இருந்த பலகையைக் காட்டியிருக்கிறான். சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, ஏற்கெனவே போதையில் இருப்பவனுக்கு விற்கக் கூடாது, எட்டு மணிக்கு மேல் விற்கக் கூடாது. பெண்டாட்டி வேண்டாம் என்றால் விற்கக் கூடாது என்று அதில் இல்லையாம். அவன் பேரில் தப்பில்லை. தனம் அந்தப் பலகையில் தனக்கு உதவுகிற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டாள். வாரத்தில் ஐந்து நாள் ஜெயிப்பதாகச் சொன்னாள். அமாவாசையன்று மட்டும் தறி ஓடாது. அன்றைக்கு அவளிடம் மருந்து இல்லை.

செப்டம்பர் முதல் தேதியே மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்து சாராயக் கடைகளை அடியோடு மூடிவிட்டார்கள். செய்தியை அலுவலகத்தில் படித்தபோது எனக்குத் தனத்தின் ஞாபகம்தான் வந்தது. ஐப்பசியில் புடவை வாங்கப் போனபோது அவளுக்கென்று கால் கிலோ ஜாங்கிரி வாங்கிப் போனேன். என்ன அறிவு பாருங்கள்.

பகல் பதினொரு மணிக்கு ஏகாம்பரம் தறிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். வாயோரம் ஈ. வேறு வீட்டு ஆளை வைத்துப் புடவையை முடித்திருந்தார்கள். தனம் ஜாங்கிரியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கடைன்னு ஒண்ணு இருந்தப்போ எட்டு மணின்னு ஒண்ணு இருந்துச்சும்மா. ஏரிக்கரைல காய்ச்சறவனுக்கு ஏது எட்டு மணி? பால்காரன் வர்றதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கிறான். சுருண்டு கெடக்கறவனை எழுப்பி ஊத்தறான். நான் எந்த இழையை அறுக்கறது?"

உள்ளதும் போச்சு என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பட்டெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். அமாவாசையன்று நெசவாளர் தெருவுக்குப் போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில் கரையைப் பிரித்துப் பாருங்கள். சொன்ன தேதிக்குப் புடவை வராவிட்டால் கத்துவதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். என் தங்கை அந்தப் புடவையை இன்றும் வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்க்க விரும்புவதில்லை.

நான் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் என்பது தனத்துக்குத் தெரியும். சட்டமெல்லாம் எங்கள் கையில்தான் எழுதப்படுகிறது என்று நினைத்துவிட்டாள். புடவையை வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மேல சொல்லி அந்தக் கடையைத் தொறக்கச் சொல்லுமா. எட்டு மணிக்குப் பூட்டிடணும், அத்த மட்டும் மறக்காம சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.