சிலுவை யுத்தமும் மாமாவின் கடிதமும்

எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வயது பதினொன்று. அப்பாவின் டொச் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். அம்மாவுடையது பாலும் பாணும் வாங்கக் காணும். ஆகவே சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் எங்கள் வீட்டுக்கு வருகிற, வீட்டிலிருந்து போகிற கடிதங்களுக்கெல்லாம் நானே அதிகாரி. எண்பதுகளில் எனக்கிருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது.

நாலாவது ஆள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. உணவகமொன்றில் சட்டி கழுவினார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், இருப்பதும் எழும்புவதுமாகத் திரிந்தார். ஊரில் சண்டை. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போவதாகக் கடிதம் வரும். கடிதம் வந்த நாளில் மாமா யன்னலுக்கும் கதவுக்குமாக ஒரே நடைதான். அந்த நடையைப் பார்த்தே அம்மா பயந்தாள். ஐன்சீடல்ன் என்ற ஊர்த் தேவாலயத்தின் கறுப்பு மாதாவிடம் ரயிலேறிப் போய், "என்ர தம்பி இஞ்சையே இருக்கவேணும் தாயே" என்று நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். எங்களுக்கு முருகனும் மாதாவும் ஒரே அலுமாரிக்குள்தான்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிலுவை யுத்தம் தொடங்கியது. அதன் காரணங்களைப் பற்றி வகுப்பில் நான் பேசவேண்டும். புத்தகத்தை வைத்துக்கொண்டு முழித்தேன். ஆயர் பதவியை விற்கக்கூடாது, குருமார் கலியாணம் கட்டக்கூடாது, அரசன் திருச்சபைக்குள் கைவைக்கக்கூடாது என்று பாப்பரசர்கள் தங்கள் வீட்டைத் துப்புரவாக்கினார்களாம். நல்ல விசயம்தானே! அதனால் அவர்கள் சொல்லுக்குப் பலம் ஏறியதாம். அந்தப் பலத்தோடு, யெருசலேமை மீட்கப் போங்கள், போகிறவனுக்குப் பாவமன்னிப்பு என்று கூப்பிட்டார்களாம். துப்புரவுக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ஓடவில்லை. மாமாவுக்கு உடனே ஓடியது.

"சுத்தமான ஆள் கூப்பிட்டாத்தான் சனம் எழும்பிப் போகும்," என்றார்.

அதற்குப் பிறகு மாமாவுக்கு என் பாடத்தில் பைத்தியம். வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே, "பிறகென்ன நடந்தது, வாசி" என்பார். போகிறவர்கள் தோளில் துணிச் சிலுவை தைத்துச் சத்தியம் செய்ததை வாசித்தேன். போகாமல் வீட்டில் நின்ற ஆண்களுக்குச் சனங்கள் கம்பளியும் நூல் நூற்கும் தடியும் அனுப்பினார்களாம், பெண்டுகளோடு குந்தியிருந்து நூல் நூற்கச் சொல்லி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை வெறும் தாளொன்றோடு வந்தார். "ஒரு கடிதம் எழுதித் தா. அக்காவுக்குச் சொல்லாதை."

அகதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், சொந்த விருப்பத்தில் நாடு திரும்புகிறேன். அவ்வளவுதான் கடிதம். அகராதி பார்த்து, கோடு போட்டு, முத்து முத்தாக எழுதினேன்.

"திரும்பி வருவியளோ மாமா?"

"ஓம் ஓம், வராமல்?"

எனக்கு அது போதும். என் கவலையெல்லாம் மை கசியக்கூடாதே என்பதில்தான்.

மாமா திரும்பி வரவில்லை. ஒரு வருசத்துக்குள் அவர் இல்லை என்ற செய்திதான் வந்தது. அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை ஓடவில்லை.

அவர் புறப்பட்ட நாளில்தான் நான் வகுப்பில் பேசினேன். முழுப் புள்ளி, ஆறுக்கு ஆறு! மாமாவுக்குச் சொல்லவேண்டும் என்று படிகளில் பாய்ந்து ஏறி வந்தால், அவருடைய கட்டிலில் அம்மா இருக்கிறாள். மடியில் அந்தக் கடிதத்தின் பிரதி. மாமா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"வாசி," என்றாள். வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"சொந்த விருப்பமோ?"

"ஓம். மாமாதான் அப்பிடி எழுதச் சொன்னவர்."

"ஆர் எழுதினது?"

"நான்தான் அம்மா. ஒரு பிழையும் இல்லை."

கோப்பை உடைந்தாலே முதுகில் இரண்டு வைக்கிற அம்மா, அன்றைக்குக் கையை ஓங்கவே இல்லை. கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினாள். தப்பினேன் பிழைத்தேன் என்று நான் வெளியே விளையாட ஓடிவிட்டேன்.